அவர் மருத்துவர் அல்லர், மருந்தாளுநர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில், அண்மையில் காலமான ஒரு மருந்துக்கடைக்காரரைப் பற்றி ஐந்து வரிகளில் ஓர் அஞ்சலிக் குறிப்பு வெளிவந்திருந்தது. அன்போடு எழுதப்பட்ட குறிப்பு அது. எழுதியவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அதற்கு 'மக்கள் மருத்துவர் மறைந்தார்' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். அவரிடம் பதினான்கு ஆண்டுகள் தொழில் கற்றவன் என்ற முறையில், அந்தத் தலைப்பைப் பார்த்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சிவப்பு மையால் 'மருத்துவர்' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்து, அதன் மேலே 'மருந்தாளுநர்' என்று எழுதி, ஓரத்தில் தேதியும் போட்டிருப்பார். அந்த வேலையை அவருக்குப் பதிலாக நான் செய்வதற்கே இக்கடிதம்.

அவருடைய பெயரை இங்கே நான் எழுதவில்லை. கடையின் பெயர்ப்பலகையில்கூடத் தம் பெயர் வேண்டாம் என்றவர் அவர். மகள்கள் இருவரும் அப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கடையில் எல்லோரும் அழைத்ததுபோல் 'ஐயா' என்றே குறிப்பிடுகிறேன்.

சிறிய ஊர்களில் மருந்துக்கடைக்காரரை 'டாக்டர்' என்று அழைப்பது பாதி மரியாதை, பாதி வசதி. மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டும், கட்டணம் கொடுக்க வேண்டும். கடைக்காரரிடம் நின்ற நிலையிலேயே கேட்டுவிடலாம். ஐயாவை அப்படி யாராவது அழைத்தால், கையில் எந்த வேலை இருந்தாலும் நிறுத்திவிட்டு, "நான் டாக்டர் இல்லை. டாக்டர் எழுதினதைச் சரிபார்க்கிறவன்" என்பார். ஆயிரம் முறையாவது இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பேன். தொடக்கத்தில் அதைப் பணிவு என்று நினைத்தேன். பணிவே இல்லை, அது தொழில் கர்வம் என்பது பின்னால்தான் புரிந்தது. 13ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், நோயைப் பார்த்து மருந்து எழுதுகிறவரும் அதைச் செய்து கொடுக்கிறவரும் வியாபாரக் கூட்டு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டதை ஐயா ஏதோ நேற்று நடந்த செய்தியைப்போல் சொல்வார். எழுதுகிறவரும் கொடுக்கிறவரும் ஒருவராகவே இருந்தால், எழுதியதில் இருக்கும் பிழையைப் பார்க்க இரண்டாவது கண் இல்லாமல் போய்விடும் என்பது அவருடைய கணக்கு. அந்த இரண்டாவது கண்ணாக இருப்பதற்குத்தான் தனக்குச் சம்பாத்தியம் என்று அவர் நம்பினார்.

அந்தக் கண் எப்படி வேலை செய்தது என்பதற்கு என் பிழையையே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், மூட்டுவாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிய சீட்டோடு ஒரு பெண்மணி வந்தார். இரண்டரை மில்லிகிராம் மாத்திரை மூன்று, வாரத்துக்கு ஒரே ஒரு முறை. இடையில் வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம். சீட்டில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. நானும் சரியாகத்தான் படித்தேன். ஆனால் மாத்திரையைக் காகித உறையில் போட்டு மேலே எழுதும்போது, ஒரு நாளைக்கு நூறு முறை எழுதிப் பழகிய கை 'தினமும் 3' என்று எழுதிவிட்டது. வாரத்துக்கு ஒரு முறை எடுத்தால் மூட்டைக் காக்கும் அந்த மருந்து, தினமும் எடுத்தால் எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உருவாவதையே நிறுத்திவிடக்கூடியது. வாயெல்லாம் புண்ணாகி, தொற்று ஏற்பட்டு, உயிரே போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஐயா உறையை வாங்கிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்மணியிடம், "எந்தக் கிழமை போடுவீங்கம்மா?" என்று கேட்டார். அவர் சற்று யோசித்து ஒரு கிழமையைச் சொன்னார். பழைய உறையைக் கிழித்து, புதிய உறையில் அந்தக் கிழமையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, 'மற்ற நாள்களில் கூடாது' என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தார். அந்தப் பெண்மணிக்கு நடந்தது எதுவும் தெரியாது.

இதுதான் இந்தத் தொழிலின் சிக்கல். மருத்துவர் காப்பாற்றிய உயிரை ஊர் அறியும். மருந்தாளுநர் தடுத்த கேடு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது நடக்கவே இல்லை. ஐந்து வரிக் குறிப்பில் அதை எழுத இடமில்லாமல் போனதில் வியப்பில்லை.

இன்னொன்று சொல்கிறேன். வறட்டு இருமலுக்கு மருந்து கேட்டு ஒரு மாதத்தில் மூன்றாவது முறையாக ஒரு முதியவர் வந்தார். முதல் இரு முறையும் நான்தான் சிரப் எடுத்துக் கொடுத்திருந்தேன். மூன்றாவது முறை ஐயா இருந்தார். "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டார். இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாதமாக எனாலாப்ரில். அந்த வகை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு, தொண்டையில் பூச்சி ஊர்வதுபோன்ற விடாத வறட்டு இருமல் வரும். எத்தனை பாட்டில் சிரப் குடித்தாலும் அடங்காது, மாத்திரையை மாற்றினால்தான் நிற்கும். இங்கேதான் ஐயா யார் என்பது தெரியும். மாற்று மாத்திரை எது என்பது அவருக்குத் தெரியும். அது அலமாரியில் இரண்டாவது தட்டிலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. முதியவரிடம் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் மருத்துவருக்கு நான்கு வரி எழுதி மடித்துக் கொடுத்தார். சிரப்பும் விற்கவில்லை. மறுநாள் அந்த முதியவர் புதிய சீட்டோடு வந்தார். இரண்டாவது தட்டிலிருந்த அதே மாத்திரை. முதல் இரண்டு பாட்டில்களுக்கான பணத்தை ஐயா திருப்பிக் கொடுத்தார், அதை என் சம்பளத்தில் பிடிக்கவில்லை என்பதையும் நன்றியோடு பதிவு செய்கிறேன்.

விற்காமல் விட்டவற்றைக் கணக்கெடுத்தால், விற்றவற்றைவிட அதுவே அவருடைய வாழ்க்கையை நன்றாகச் சொல்லும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சீட்டு இல்லாமல் வந்து, "போன தடவை கொடுத்த ஆன்டிபயாட்டிக்கில் ரெண்டே ரெண்டு மாத்திரை போதும்" என்று கேட்பவர்கள் அன்றாடம் வருவார்கள். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் சாகாமல் அதைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். அதைக் கேட்கிறவர்களிடமெல்லாம் ஐயா விரித்துச் சொல்ல முடியாது. "அது இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மருந்து கடையில் இல்லை என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கொடுப்பதற்கில்லை என்பது அவர் பொருள். பொய் சொல்லாமலேயே தப்பிக்கும் இந்தச் சாமர்த்தியம் அவருக்கே உரியது. சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போனவர்களில் பலர் இரவு நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள்.

இருமல் மருந்து வாங்கி வைப்பதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டையெத்திலீன் கிளைகால் என்னும் நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றதால், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும், அதன் விளைவாகவே மறு ஆண்டு அங்கே கடுமையான மருந்துச் சட்டம் வந்ததையும் அவர் அறிவார். முன்பின் தெரியாத தயாரிப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், சோதனைச் சான்று காட்டாத ஒரு பெட்டி சிரப் அந்தக் கடைக்குள் நுழைந்ததில்லை. இது பழங்கதை என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். 2022இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் குழந்தைகள் இறந்து, அதே நஞ்சு சிரப்புகளில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்ட நாளில், ஓய்வு பெற்று வீட்டிலிருந்த அவர் தொலைபேசியில் அழைத்து, "பழங்கதையைப் படிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

அதே மனிதர், வயிற்றுப்போக்கு என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம் ஒரு விநாடியும் தயங்காமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக அது இருக்கக்கூடும் என்று 'லான்செட்' என்ற மருத்துவ இதழ் 1978இல் தலையங்கம் எழுதியது. ஆனால் ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிட்டால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடாகிவிடும். அதனால் பொட்டலத்தோடு, ஒரு லிட்டர் அளவில் கோடு கிழித்த காலிப் பாட்டிலையும் கொடுப்பார். கழுவிக் காய வைத்த பாட்டில்கள் கடையின் பின்னால் வரிசையாக நிற்கும். அவற்றைக் கழுவியது நான் என்பதை இங்கே சொல்லிக்கொள்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

சிறிய ஊரில் மருந்துக்கடை நடத்துவதில் இன்னொரு பாரம் இருக்கிறது. யாருக்கு மனநல மாத்திரை, யாருக்குக் காசநோய் மாத்திரை, யார் கருத்தடை மாத்திரை வாங்குகிறார்கள் என்பதெல்லாம் ஒரே ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கும். அவர் மாலையில் தெருவில் நடந்தால் அத்தனை பேரும் எதிரில் வருவார்கள். ஐயா எல்லோரையும் ஒரே மாதிரி சிரித்து வணங்குவார். நோய் எப்படி இருக்கிறது என்று கடைக்கு வெளியே ஒருவரையும் விசாரித்ததில்லை. அக்கறை இல்லாதவர் என்று இதனால் பெயரெடுத்தார், அதையும் சுமந்துகொண்டார். ஒருமுறை புதிதாக மணமான ஒரு பெண் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் வாங்க வந்தார். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது எல்லோருக்கும் வழக்கம். அன்று ஐயா என்னை உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வரச் சொன்னார். எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை. நான் தேடிவிட்டுத் திரும்பியபோது அந்தப் பெண் போய்விட்டிருந்தார். அந்த மருந்து கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும் என்பதையும், அதற்காக மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்வதற்கே என்னை அனுப்பியிருந்தார் என்பது, பாடப் புத்தகத்தில் அந்தப் பகுதியைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

தங்கள் குறிப்பில், அவர் 'குடும்பத்தின் மீது பற்றுக்கொண்டவர்' என்று ஒரு வரி இருந்தது. எல்லா அஞ்சலிக் குறிப்புகளிலும் வரும் வரிதான். ஆனால் இவர் விஷயத்தில் அதற்கு நேரமும் நிமிடமும் உண்டு. காலை ஏழு, பத்தரை, பிற்பகல் இரண்டு, மாலை ஐந்தரை, இரவு ஒன்பது. அவருடைய மனைவிக்கு ஐம்பத்தெட்டாம் வயதில் பார்க்கின்சன் நோய் வந்தது. அந்நோய்க்கான லெவோடோபா மாத்திரை தொடக்கத்தில் நன்றாகக் கேட்கும். சில ஆண்டுகள் போனபின் ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளை வருவதற்கு முன்பே தேய்ந்துவிடும். அப்போது கை கால் இறுகி, எழுந்த இடத்திலேயே கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார்கள். புரதம் மிகுந்த உணவோடு சேர்த்துக் கொடுத்தாலும் மாத்திரை சரியாக உடலில் சேராது. ஆகவே நேரமும் முக்கியம், வயிறு காலியாக இருப்பதும் முக்கியம். வீடு கடைக்குப் பின் தெருவில். ஒன்பது ஆண்டுகள், நாள் தவறாமல், அந்த வேளைகளில் ஐயா கடையை விட்டு இறங்கிப் போனார். மனைவி அக்கம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, அது இறங்கும் வரை அருகில் உட்கார்ந்திருந்து, கையைப் பிடித்து நான்கு அடி நடக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். நான் தேர்வு எழுதித் தகுதி பெறும் வரை, அவர் இல்லாத நேரத்தில் சீட்டு மருந்து எதையும் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. வந்தவர்கள் காத்திருப்பார்கள், முணுமுணுப்பார்கள், சிலர் போய்விடுவார்கள். கடைச் சுவரிலிருந்த கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிடம் முந்தி ஓடும். அது பழுது என்று நினைத்து நான் ஒருநாள் சரிசெய்துவிட்டேன். அன்று அவர் முகம் மாறியதைப்போல் பதினான்கு ஆண்டுகளில் வேறெந்த நாளும் நான் பார்த்ததில்லை.

அந்த ஆண்டுகளில் நடந்த ஒன்றைப் பற்றி எனக்கும் அவருடைய மூத்த மகளுக்கும் இன்றுவரை மனம் ஒப்பவில்லை. ஒருநாள் இரவு அக்கம்மாவுக்குக் கடுமையான வாந்தி. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் வெளியூர் போயிருந்தார். வேறொருவர் வந்து பார்த்து, மெட்டோகுளோபிரமைடு எழுதிக் கொடுத்தார். வாந்திக்கு நல்ல மருந்துதான். ஆனால் அது மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும். பார்க்கின்சன் நோயாளிக்கு எது குறைவாக இருக்கிறதோ அதையே மேலும் முடக்கும். ஐயா சீட்டைப் பார்த்தவுடன் அதைக் கண்டுகொண்டார். மூளைக்குள் பெரும்பாலும் நுழையாத டோம்பெரிடோன் அந்த நிலையில் வழக்கமாகக் கொடுக்கப்படும் மாற்று. அது கடையில் இருந்தது. கடைச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர் எழுதப்பட்ட மாத்திரையைக் கொடுக்கவில்லை. மாற்று மாத்திரையையும் எடுக்கவில்லை. அந்த மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க முயன்றுகொண்டே, மனைவியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார். மருத்துவர் கிடைத்து, விஷயத்தைக் கேட்டு, தம் பிழையை உடனே ஒப்புக்கொண்டு, இதயத் துடிப்பில் கோளாறு ஏதும் இல்லையே என்று விசாரித்த பிறகு மாற்றி எழுதச் சம்மதித்தார். அதன் பிறகே ஐயா என்னைக் கடைக்கு அனுப்பினார். "அம்மா துடிச்சிட்டிருக்காங்க, உங்களுக்குச் சட்டம் பெரிசா?" என்று மகள் கதறியது இன்னும் என் காதில் இருக்கிறது. நானாக இருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். அது தவறா சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. பல மாதங்கள் கழித்து அவரிடமே கேட்டேன். "அந்த டாக்டர் இதயத்தைப் பத்திக் கேட்டாரே, அது எனக்கு அன்னிக்கு ஞாபகத்துக்கே வரலை" என்றார். டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

அக்கம்மா மறைந்த பிறகு மீதமிருந்த மாத்திரைகளை ஐயா கடைக்குக் கொண்டுவந்தார். பிரிக்காத அட்டைகளும் அவற்றில் இருந்தன. ஒருமுறை கடையை விட்டு வெளியே போன மருந்து எந்த வெப்பத்தில், எந்த ஈரத்தில் இருந்தது என்பது தெரியாதாகையால் அதை மீண்டும் விற்கக் கூடாது என்பது விதி. தம் வீட்டு அலமாரியில் தாமே வைத்த மருந்துக்கும் அவர் அந்த விதியைத்தான் பார்த்தார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அட்டையிலிருந்து பிரித்து அழிப்புக்கான பெட்டியில் போட்டார். கடைசி அட்டையில் பத்தரை மணி என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அன்று கடைக்கு வந்தவர்களை நான் பார்த்துக்கொண்டேன்.

மகள்களிடம் அவருக்கிருந்த பாசத்துக்கும் ஓர் ஆவணம் உண்டு. மருந்து அலமாரி ஒன்றின் கதவுக்கு உட்புறம், பென்சிலால் எழுதிய இரண்டு வரிசை எண்கள் இருக்கும். வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் சரக்குக் கணக்கு என்று நினைப்பார்கள். மகள்கள் பிறந்த நாளிலிருந்து பன்னிரண்டு வயது வரை மாதந்தோறும் எடுத்த எடை அது. குழந்தைக்குப் பாரசிட்டமால் கொடுப்பதானால் வயதைப் பார்க்காமல் எடையைப் பார்க்க வேண்டும், ஒரு கிலோவுக்குப் பத்து முதல் பதினைந்து மில்லிகிராம் என்பது கணக்கு. அதுவும் சொட்டு மருந்தின் செறிவு வேறு, சிரப்பின் செறிவு வேறு. பிறர் குழந்தைகளுக்காக அவர் எழுதி வைத்த பழக்கம் வீட்டிலும் தொடர்ந்ததா, வீட்டில் தொடங்கிக் கடைக்கு வந்ததா என்று தெரியாது. இளைய மகளின் வரிசையில் ஒரே ஒரு மாதம் எண் இல்லை. அந்த மாதம் அவள் அவரோடு கோபித்துக்கொண்டு தராசில் ஏற மறுத்துவிட்டாளாம். 'ஏறவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறார்.

இனி அவருடைய நோட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டி அட்டை போட்ட இரண்டு நோட்டுகள். கடை தொடங்கிய முதல் ஆண்டில், தைராய்டு மாத்திரையில் 25 மைக்ரோகிராமுக்குப் பதில் 100 மைக்ரோகிராம் அட்டையைக் கொடுத்துவிட்டார். இரவு கணக்குப் பார்க்கும்போது இருப்பு ஒன்று குறைந்தும் ஒன்று மிகுந்தும் இருந்ததைக் கண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போனார். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும் என்பதால் அதை அவர்கள் இன்னும் தொட்டிருக்கவில்லை. திரும்பி வந்து நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டார்: நடந்தது, காரணம், மாற்றியது. மூன்றாவது கட்டத்தில், 'இரண்டு அளவுகளும் இனி ஒரே தட்டில் இருக்காது' என்று எழுதியிருக்கிறார். அதன் பிறகு தமது பிழை, என் பிழை, எழுதியவரின் பிழை, பிழையாக ஆகவிருந்து தப்பியது என எல்லாம் அந்த நோட்டுகளில் ஏறின. யாருடைய பெயரும் அவற்றில் இருக்காது. மெத்தோட்ரெக்சேட் விஷயமும் இருக்கிறது: 'உறையில் எழுதும்போது பழக்கத்தால் கை தினமும் என்று போயிற்று. வார மருந்துக்குக் கிழமை எழுதும் வழக்கம் தொடங்கப்பட்டது.' அந்தக் கை என்னுடையது என்று எங்கும் இல்லை.

உலகம் பின்னால் பெரிய அளவில் செய்ததை அவர் ஒரு நோட்டில் செய்துகொண்டிருந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது. லோசெக் என்ற வயிற்றுப்புண் மருந்தின் பெயர் லேசிக்ஸ் என்ற நீர்ப்பெருக்கி மருந்தின் பெயரோடு குழம்பியதால், 1990இல் அமெரிக்காவில் அதைப் பிரிலோசெக் என்று மாற்றினார்கள். ஆளைத் திட்டுவதைவிடப் பெயரை மாற்றுவது பயன் தரும் என்பதற்கு அதை அவர் எடுத்துக்காட்டுவார். மருந்துப் பிழைகளால் ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவாகிறது என்று மதிப்பிட்டு, 2017இல் உலக சுகாதார நிறுவனம் 'தீங்கற்ற மருந்து' என்னும் நோக்கத்தோடு ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. அந்தச் செய்தியை நான் படித்துக் காட்டியபோது, "மூணாவது கட்டம் இருக்கா பாரு" என்றார்.

அவர் மேசையில் ஒரே ஒருவரின் படம்தான் இருந்தது: கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. ஆக்சிஜனை ஆங்கிலேய வேதியியலாளர் பிரீஸ்ட்லிக்கு முன்பே பிரித்தெடுத்தும், நூல் 1777இல்தான் வெளிவந்ததால் பெருமை பிறருக்குப் போனவர். குளோரினைக் கண்டறிந்தவர். அவ்வளவையும் செய்தவர் வாழ்நாள் முழுவதும் மருந்துக்கடைகளில்தான் வேலை பார்த்தார். கடைசியாக ஸ்வீடனில் ஷோப்பிங் என்ற சிற்றூரில் இருந்தார். முந்தைய மருந்தாளுநரின் விதவையிடமிருந்து அந்தக் கடையை ஏற்று நடத்தியவர், 1786இல் சாவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் படுக்கையிலிருந்தபடியே அப்பெண்மணியை மணந்துகொண்டார். கடை மீண்டும் அப்பெண்மணிக்கே உரிமையாகச் சேர வேண்டும் என்பதற்காக. ஐயா ஆக்சிஜன் கதையை ஒருமுறை சொன்னால் இந்தக் கல்யாணக் கதையை மூன்று முறை சொல்வார். ரசாயனங்களை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் ஷீலேயிடம் அவருக்குப் பிடிக்காது. "நோட்டுல எழுத வேண்டிய ஆளு" என்பார்.

கடைசி மாதத்தில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர், என்னை வரச் சொல்லி மருத்துவமனை கொடுத்த சீட்டை நீட்டினார். ஒன்றும் பேசவில்லை. குளோபிடோக்ரெலும் ஒமெப்பிரசோலும் ஒரே சீட்டில் இருந்தன. இரத்தம் உறையாமல் காக்கும் முன்னதன் பலனை, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பின்னது குறைத்துவிடக்கூடும். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒமெப்பிரசோல் என்ற பெயருக்கு அருகில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி ஏற்கெனவே இருந்தது. என்னைச் சோதித்தாரா, தம் கண்ணை நம்பாமல் இரண்டாவது கண்ணைக் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. மருத்துவரை அழைத்துப் பேசினேன். அவர் அதை அதே வகையைச் சேர்ந்த பான்டோபிரசோலாக மாற்றினார். அன்று மாலை ஐயா நடுங்கும் கையால் இரண்டாவது நோட்டில் மூன்று கட்டங்களையும் நிரப்பினார். அவர் எழுதிய கடைசிப் பக்கம் அதுதான்.

ஆசிரியர் அவர்களே, நோட்டுகள் இப்போது மூத்த மகளிடம் இருக்கின்றன. துக்கம் விசாரிக்கச் சென்றபோது எடுத்துக் காட்டினார். தங்கள் தலைப்பைக் கத்தரித்து அடுத்த பக்கத்தில் ஒட்டி, கீழே தம் அப்பாவைப்போலவே மூன்று கட்டம் போட்டிருக்கிறார். முதல் கட்டத்தில் 'மருந்தாளுநரை மருத்துவர் என்று எழுதினார்கள்' என்றும், இரண்டாவதில் 'அன்பு' என்றும் எழுதியிருக்கிறார். மூன்றாவது கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. ஒரு வரித் திருத்தம் வெளியிட்டால் போதுமானது.

இப்படிக்கு,
அவரிடம் தொழில் கற்ற ஒரு மருந்தாளுநர்